புது மலைச் சைக்கிள், சீசனின் முதல் மூன்று ரேஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த சீசன் தொடங்கும் முன்பு என் மலைச் சைக்கிளை மாற்றினேன். ஆறு வருடமாக ஓட்டியது ஹார்ட்டெயில், அதாவது முன்பக்க ஃபோர்க்கில் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளது. புதியது முன்னும் பின்னும் 120 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபுல் சஸ்பென்ஷன். அதில் இதுவரை மூன்று ரேஸ் ஓட்டியிருக்கிறேன். கூட ஓட்டுகிறவர்களும், ரேஸுக்கு வரலாமா என்று யோசிக்கிறவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். நான் சம்பளத்துக்கு ஓட்டுபவன் அல்ல. வாரநாளில் வேலை, விடியற்காலையிலும் விடுமுறையிலும் சைக்கிள். உங்களுக்கும் அப்படித்தான் என்றால் இதில் ஏதாவது பயன்படும்.

நீங்கள் ஓட்டுவது எந்த வகை ரேஸ்?

கிராஸ் கன்ட்ரி. நான்கைந்து கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுற்றை, அதிலேயே ஏற்றம், இறக்கம், வேர், பாறை எல்லாம் இருக்கும், பல முறை சுற்றி வர வேண்டும். ஒலிம்பிக்கில் இருப்பது இந்த வகைதான். 1996 அட்லான்டாவில் அறிமுகமானது. சர்வதேசச் சைக்கிள் சங்கமான யுசிஐ நடத்திய முதல் மலைச் சைக்கிள் உலகப் போட்டி அதற்கும் முன்பு, 1990-ல், அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்தது. உச்சப் பிரிவில் ரேஸ் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடும். எங்களைப் போன்ற அமெச்சூர்களுக்குச் சுற்றுகள் குறைவு, ஒரு மணி நேரத்துக்கு முன்னே பின்னே முடிந்துவிடும். நேரம் குறைவு என்பதால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். கிட்டத்தட்ட முழு நேரமும் இதயம் அதன் உச்சத் துடிப்பில் 90 சதவீதத்தை ஒட்டியே ஓடும்.

ஹார்ட்டெயிலை ஏன் விட்டீர்கள்? ரேஸுக்கு அதுதான் வேகம் என்பார்களே?

ஒரு காலத்தில் அது உண்மை. எடை குறைவு, மிதிக்கும்போது சக்தி வீணாகாது, பழுதாக அதிகம் எதுவும் இல்லை. ஆனால் பாதைகள் மாறிவிட்டன. ரேஸ் சுற்றுகளில் பாறைகள் நெருக்கமாகக் கிடக்கும் ‘பாறைத் தோட்டம்’, படிபோல் இறங்கும் இடம், சிறு குதிப்பு எல்லாம் கூடிக்கொண்டே வந்தன. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் யாரோஸ்லாவ் குல்ஹாவி 29 அங்குலச் சக்கரமுள்ள ஃபுல் சஸ்பென்ஷனில் தங்கம் வென்றார். இரண்டாமிடம் வந்த நினோ ஷூர்ட்டர் 2016 ரியோவில் அதே வகைச் சைக்கிளுக்கு மாறி வந்து தங்கத்தை எடுத்தார்.

அதற்காக அவர்கள் மாறினார்கள், நானும் மாறினேன் என்று சொல்ல வரவில்லை. என் காரணம் முதுகு. ஹார்ட்டெயிலில் மூன்றாவது சுற்றுக்கு மேல் கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும். கரடுமுரடான இடம் வந்தால் எழுந்து நின்றே ஓட்ட வேண்டும், உட்கார்ந்து மிதிக்க முடியாது. கால் ஓய்வெடுக்க வேண்டிய இடத்தில் கால்தான் சஸ்பென்ஷன் வேலையைப் பார்க்கும். பின்னால் ஒரு ஷாக் இருந்தால் அங்கேயும் உட்கார்ந்தபடி மிதிக்கலாம். வேர்கள் நிறைந்த ஏற்றத்தில் பின்சக்கரம் தரையை விடாமல் பிடித்துக்கொள்ளும். இறக்கத்தில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அதிகம் கிடைத்தது கரடுமுரடான ஏற்றங்களில்.

இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் ஹார்ட்டெயிலே நல்லது, இதை மனதாரச் சொல்கிறேன். எந்தக் கோட்டில், அதாவது பாதையில் சக்கரம் போகும் தடத்தில், போனால் அடி விழும் என்பதை அது உடனே சொல்லிக் கொடுக்கும். அந்த ஆறு வருடம் இல்லாமல் நேராக இதற்கு வந்திருந்தால் நான் பாதி கற்றிருக்க மாட்டேன்.

புதியது பழையதைவிட எடை கூடவா? அது உறுத்தவில்லையா?

ஒன்றரைக் கிலோ கூட. வாங்கும் முன்பு உறுத்தியது, அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் 68 கிலோ. சைக்கிள், தண்ணீர், ஹெல்மெட், ஷூ எல்லாம் சேர்த்தால் 83 வரும். அதில் ஒன்றரைக் கிலோ என்பது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. செங்குத்தான ஏற்றத்தில் நேரம் ஏறக்குறைய மொத்த எடையோடு சேர்ந்து கூடும். ஒரு சுற்றில் நான்கு நிமிட ஏற்றம் இருந்தால் அதிகம் போனால் நான்கைந்து நொடி இழப்பு. ஒரு பாறை இறக்கத்தில் தயங்கி பிரேக்கைப் பிடித்தால் அதைவிட அதிகம் போய்விடும். கணக்கு முடிந்ததும் உறுத்தலும் போய்விட்டது.

29 அங்குலச் சக்கரம் உயரம் குறைந்தவர்களுக்குச் சரிவருமா?

சிறிய ஃப்ரேமில் 29 சரியாக உட்காராத காலம் ஒன்று இருந்தது. இப்போதைய சிறிய ஃப்ரேம்களில் பெரும்பாலும் உட்கார்கிறது. ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். செங்குத்து இறக்கத்தில் சீட்டுக்குப் பின்னால் நகரும்போது பின்டயர் உடம்பில் உரசினால் 27.5 அங்குலச் சக்கரத்தையும் பாருங்கள்.

புது சைக்கிளில் உட்காரும் நிலையை எப்படிச் சரிசெய்தீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. எனக்குப் பெரிய வித்தியாசம் தந்தது இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய சைக்கிளைக் கொடுப்பதற்கு முன்பு அதை அளந்து நோட்டில் எழுதி வைத்தேன். பெடல் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை உயரம். சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் நடு வரை தூரம். அச்சுக்குப் பின்னால் சீட் மூக்கு எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. தரையிலிருந்து ஹேண்டில்பார் உயரம். அப்புறம் க்ராங்கின், அதாவது பெடலை அச்சோடு இணைக்கும் கையின், நீளம். இந்த ஐந்து எண்களும் கையில் இருந்தால் புது சைக்கிளில் ஓட்டத்தின் முதல் நாளே உடம்பு பழைய இடத்தில் உட்காரும்.

சில இடங்களில் எண்கள் ஏமாற்றும். என் பழைய க்ராங்க் 175 மில்லிமீட்டர், புதியது 170. பெடல் கீழே இருக்கும்போது கால் முன்பைவிட 5 மில்லிமீட்டர் மேலேயே நின்றுவிடும். ஆகவே சீட்டை 5 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். பழைய உயரத்தையே வைத்தால் முழங்கால் இரண்டே வாரத்தில் முணுமுணுக்கத் தொடங்கும். இன்னொன்று, இப்போதைய ஃப்ரேம்களில் ‘ரீச்’ என்ற எண் பெரிதாக இருக்கும், பார்த்ததும் சைக்கிள் நீளம் என்று பயம் வரும். ஆனால் ரீச் என்பது நின்று ஓட்டும்போதுள்ள நீளம். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் ட்யூப் முன்பைவிடச் செங்குத்தாக இருப்பதால் உட்காரும்போது ஹேண்டில்பார் அவ்வளவு தூரம் போகாது. உட்கார்ந்து மிதிக்கும் தூரத்தைத் தனியாக அளந்து பாருங்கள்.

அளக்கப் பழைய சைக்கிளே இல்லை என்றால்? வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே நன்றாக மேலே வைத்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளங்கள். அதை 0.883-ஆல் பெருக்கினால் சீட் உயரத்துக்கு ஒரு தொடக்க எண் வரும். அங்கிருந்து இரண்டு இரண்டு மில்லிமீட்டராக நகருங்கள்.

ஹேண்டில்பார் அகலமாக இருக்கிறது என்று முதல் நாளே அறுத்துவிடாதீர்கள். பிடியையும் பிரேக் லீவரையும் உள்ளே நகர்த்தி ஒரு வாரம் ஓட்டுங்கள். அறுத்ததை ஒட்ட முடியாது.

கடையில் பூட்டிக் கொடுத்த சைக்கிளை மறுபடி சோதிக்க வேண்டுமா?

கட்டாயம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் நீண்ட ஓட்டத்தில், ஒரு சாதாரண இறக்கத்தில், சிறு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியதும் ஹேண்டில்பார் கையிலேயே முன்னால் உருண்டது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் நான்கு போல்ட்டில் இரண்டு விரலாலேயே சுழன்றன. வேகம் குறைவாக இருந்ததால் விழாமல் தப்பித்தேன். பூட்டியவர் மேல் பழி போட்டு எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு போல்ட்டைக்கூட நானே பார்க்காமல் ரேஸுக்குப் போனதில்லை.

எவ்வளவு இறுக்குகிறோம் என்று எண்ணில் காட்டும் டார்க் ரென்ச் ஒன்று வாங்குங்கள். ஸ்டெம் போல்ட்டுகள் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் சுற்றி இருக்கும், சரியான எண் அதன் மேலேயே அச்சாகியிருக்கும். கார்பன் பாகமாக இருந்தால் அதிகம் முறுக்கினாலும் ஆபத்து, குறைவாக முறுக்கினாலும் ஆபத்து. நான்கு போல்ட்டையும் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஷாக்கைப் பிடிக்கும் போல்ட், ஃப்ரேமின் பின் முக்கோணத்தின் மூட்டுகள், க்ராங்க், பிரேக் டிஸ்க்கான ரோட்டரின் போல்ட்டுகள் எல்லாவற்றையும் முதல் மூன்று ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி பாருங்கள். புதிய ஸ்போக்குகளும் உட்கார்ந்து தளரும். கேபிளில் இயங்கும் கியராக இருந்தால் கேபிள் உறை இறுகி கியர் சற்றுத் தள்ளி விழும். கியரை மாற்றும் டெரயிலரில் உள்ள திருகை அரைச் சுற்று திருப்பினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

டிஸ்க் பிரேக் புதிதில் பிடிக்கவே இல்லை, கோளாறா?

இல்லை. பிரேக் பேட்டில் உள்ள பொருள் ரோட்டரின் மேல் மெல்லிய படலமாகப் படிய வேண்டும். ஓரளவு வேகம் எடுத்து, சக்கரம் பூட்டாமல், நடக்கும் வேகம் வரை பிடித்து விடுங்கள். முன்னுக்கு இருபது முப்பது முறை, பின்னுக்கும் அப்படியே. முழுவதும் நின்றுவிடக் கூடாது. நின்றால் ஒரே இடத்தில் திட்டாகப் படியும். ரோட்டரில் விரல் படாமல், செயின் எண்ணெய் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சஸ்பென்ஷனில் எங்கிருந்து தொடங்குவது? திருகுகளைப் பார்த்தாலே குழப்பம்.

மூன்று விஷயம்தான், இந்த வரிசையில்: காற்று, ரீபவுண்ட், அப்புறம் கம்ப்ரெஷன்.

நாம் சைக்கிளில் ஏறியதுமே சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கும். அதைச் சேக் என்பார்கள். ரேஸ் உடையோடு, நிரம்பிய தண்ணீர் பாட்டிலோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி, ஷாக்கில் இருக்கும் ரப்பர் வளையத்தை அடிவரை தள்ளிவிட்டு மெதுவாக இறங்கி அளக்க வேண்டும். என் பின் ஷாக் மொத்தம் 45 மில்லிமீட்டர் அமுங்கும், 25 சதவீதம் என்றால் 11 மில்லிமீட்டர். ஃபோர்க்கை நின்ற நிலையில் அளந்தேன். 120-ல் 20 சதவீதம், அதாவது 24 மில்லிமீட்டர். கூடவோ குறையவோ வந்தால் ஷாக் பம்ப்பால் காற்றைச் சரிசெய்யலாம். காற்று அடித்ததும் பத்துப் பதினைந்து முறை அமுக்கி விட்டு மறுபடி பாருங்கள், உள்ளே உள்ள இரு அறைகளும் அப்போதுதான் சமமாகும். பம்ப்பை மறுபடி மாட்டும்போது அளவு குறைந்து தெரிந்தால் கசிவு என்று பயப்படாதீர்கள். பம்ப்பின் குழாயை நிரப்பப் போன காற்று அது.

ரீபவுண்ட் என்பது அமுங்கியது எவ்வளவு வேகமாகத் திரும்பி எழுகிறது என்பது. வேகம் அதிகமானால் குதிரைபோல் உதைக்கும். குறைந்தால் அடுத்தடுத்து வரும் மேடுகளில் எழ நேரமில்லாமல் அமுங்கிக்கொண்டே போய், கடைசியில் கல் மாதிரி ஆகிவிடும். வேர்கள் வரிசையாக வரும் ஒரு துண்டுப் பாதையைத் தேர்ந்தெடுத்து, அதையே திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் திருகை இரண்டு கிளிக் மாற்றி ஓட்டினேன். ஒரு காலை முழுவதும் போயிற்று. அந்தக் காலையைப்போல் பயனுள்ள பயிற்சி எனக்கு வேறு வாய்க்கவில்லை. அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஷனை முதல் மாதம் தொடவே இல்லை.

புது ஃபோர்க் முதல் சில மணி நேரம் இறுக்கமாக இருக்கும், பிறகு இளகும். அதனால் இரண்டு வாரம் கழித்துச் சேக்கை மறுபடி அளங்கள். சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்வார்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

டயரில் எவ்வளவு காற்று?

எனக்கு 2.35 அங்குல டயரில் முன்னால் 19, பின்னால் 21 பிஎஸ்ஐ. ஆனால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் எடை, ரிம்மின் அகலம், டயர் உறையின் தடிமன் எல்லாம் சேர்ந்துதான் எண்ணைத் தீர்மானிக்கும். முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 24-ல் தொடங்கி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பிஎஸ்ஐ குறையுங்கள். வளைவில் டயர் நெளிவது தெரிந்தாலோ, கல்லில் ரிம் ‘டக்’ என்று இடித்தாலோ நிறுத்தி, ஒன்றோ ஒன்றரையோ கூட்டுங்கள். அதுதான் உங்கள் எண்.

கெட்டியாக அடித்தால் வேகம் என்பது தார்ச்சாலை நினைப்பு. கரடான தரையில் கெட்டி டயர் ஒவ்வொரு கல்லிலும் உங்களையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்குகிறது. இளகிய டயர் கல்லை உள்வாங்கிக்கொண்டு முன்னே போகிறது. பிடிப்பும் கூடும்.

இன்னொரு விஷயம், காற்றழுத்தத்தை எப்போதும் ஒரே கேஜால் அளங்கள். இரண்டு கேஜ்கள் ஒரே டயரில் இரண்டு பிஎஸ்ஐ வித்தியாசம் காட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். கேஜ் சொல்வது சரியா என்பதைவிட, நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்கிறதா என்பதுதான் முக்கியம்.

ட்யூப்லெஸ் தேவையா?

தேவை. இவ்வளவு குறைந்த காற்றில் ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே சிக்கிக் கிழியும். ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ்ஸில் உள்ளே இருக்கும் சீலன்ட் திரவம் சிறு துளைகளைத் தானே அடைக்கும். சக்கரத்துக்கு 100 மில்லி ஊற்றுகிறேன். அது ரப்பர் பால் என்பதால் காய்ந்துபோகும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வால்வு வழியாக ஊற்றிச் சேர்க்க வேண்டும். சீசன் முதல் ரேஸில் பஞ்சராகி நிற்பவர்களிடம் கேட்டால், போன சீசனில் ஊற்றியது என்பார்கள்.

சைக்கிள் வந்து எத்தனை நாளில் ரேஸுக்குப் போகலாம்?

நான் பத்து ஓட்டம் என்று வைத்துக்கொண்டேன். அதில் குறைந்தது இரண்டு ஓட்டம் ரேஸ் வேகத்தில் இருக்கட்டும்.

முதல் மூன்று ரேஸும் எப்படிப் போயின?

முதல் ரேஸ் காய்ந்த, கெட்டியான தரை. இரண்டு நாள் முன்பு பின்டயரை மாற்றியிருந்தேன், முந்தின மாலை ரீபவுண்டை மூன்று கிளிக் வேகமாக்கியிருந்தேன், காற்றையும் குறைத்திருந்தேன். இரண்டாவது சுற்றில் ஒரு இடது வளைவில் பின்சக்கரம் வழுக்கி விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்தால் எது காரணம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. டயரா, ரீபவுண்டா, காற்றா, இல்லை வளைவுக்கு வேகமாக வந்தேனா? மூன்றையும் ஒன்றாக மாற்றியதால் அந்த விழுதல் எனக்கு எதையுமே கற்றுத்தரவில்லை. அன்று இரவு நோட்டில் ஒரு வரி எழுதினேன்: ஒரு ரேஸுக்கு ஒரு மாற்றம்.

இரண்டாவது ரேஸுக்கு முந்தின நாள் மழை. ரீபவுண்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து நன்றாக ஓட்டிப் பார்த்திருந்தேன், ரேஸுக்காக மாற்றியது காற்று மட்டும். ஈரத்துக்காக இரு சக்கரத்திலும் ஒரு பிஎஸ்ஐ குறைத்தேன். வேர்களில் பிடிப்பு கிடைத்தது. ஆனால் பாறை இறக்கத்தில் இரண்டு முறை பின்ரிம் இடித்தது. சரி, பின்னால் அரை பிஎஸ்ஐ கூட்ட வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது. இடம் நடுவில்தான் வந்தேன். ஆனாலும் அன்று வீடு திரும்பும்போது இருந்த நிம்மதி முதல் ரேஸன்று இல்லை.

மூன்றாவதில் சைக்கிளில் புதிதாக எதையும் மாற்றவில்லை. மாற்றியது என் தொடக்கத்தை. முதல் சுற்றில் முன்னணிக் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளாமல், மூச்சு கட்டுக்குள் இருக்கும் வேகத்தில் போனேன். கடைசி இரண்டு சுற்றில் ஒன்பது பேரைத் தாண்டினேன். நான்கு சுற்றின் நேரத்துக்கும் நடுவே இருபது நொடிக்கு மேல் வித்தியாசம் இல்லை. எனக்கு இதுவரை அப்படி நடந்ததில்லை.

தொடக்கத்திலேயே வேகமாகப் போகாவிட்டால் குறுகலான பாதையில் மாட்டிக்கொள்ள மாட்டோமா?

மாட்டுவோம், அது நிஜமான சிக்கல். ஒற்றைத் தடம் தொடங்கிவிட்டால் முன்னால் போகிறவர் வேகம்தான் நம் வேகம். அதனால் முந்தைய நாள் பார்க்கும்போதே ஸ்டார்ட்டிலிருந்து ஒற்றைத் தடம் எத்தனை தூரம், நடுவே ஏற்றமா சமதளமா என்று பார்த்துவைப்பேன். இருநூறு மீட்டர்தான் என்றால் முழு வேகம் எடுப்பது சரி. ஒரு கிலோமீட்டர் அகலமான ஏற்றம் என்றால் நிதானம் சரி, அங்கேயே பாதிப் பேர் மூச்சிரைத்துப் பின்னால் வருவார்கள். சீசன் தொடக்கத்தில் இது இன்னும் பொருந்தும். அடித்தள உழைப்பு எல்லோரிடமும் இருக்கும், உச்ச வேகத்தைத் தாங்கும் பழக்கம் இன்னும் வந்திருக்காது. அந்தப் பழக்கத்தை உண்டாக்குவதே இந்த முதல் ரேஸ்கள்தான்.

ஸ்டார்ட் கோட்டுக்கு உடம்பு சூடாக வாருங்கள். இருபது நிமிடம் மிதித்து, நடுவே மூன்று நான்கு முறை முப்பது நொடி வேகம் எடுத்தால் போதும்.

பாதையை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும்போது என்ன பார்ப்பீர்கள்?

முதல் சுற்று மெதுவாக. கடினமான இடம் வந்தால் இறங்கி, சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கீழிருந்து மேலே நடந்து பார்ப்பேன். கீழிருந்து பார்த்தால்தான் எங்கே வெளியேற வேண்டும் என்று தெரியும். வெளியேறும் இடம் தெரிந்தால் நுழையும் இடம் தானே தெரியும். பிறகு அதே இடத்தை மூன்று முறை ஓட்டுவேன். சுலபமான சுற்றுவழி இருந்தால் அதையும் ஒருமுறை. கடைசிச் சுற்றில் கை நடுங்கும்போது எந்த வழியில் போவேன் என்பதை அன்றே முடிவு செய்துவிடுவேன்.

மழை பெய்தால் எல்லாம் மாறும். கோட்டை மனப்பாடம் செய்வதைவிட எங்கே வேர், எங்கே களிமண் என்று தெரிந்துவைப்பது உதவும்.

பின்னாலிருந்து வேகமாக வருபவர்களுக்கு எப்படி வழிவிடுவது?

அவர் எந்தப் பக்கம் என்று குரல் கொடுப்பார். சட்டென்று பிரேக் பிடிக்காமல், கோட்டை மாற்றாமல், இடம் அகலமாகும்போது ஓரம் ஒதுங்குங்கள். நீங்கள் முந்தும்போதும் பக்கத்தைச் சொல்லி, அவருக்கு ஒதுங்க நேரம் கொடுங்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க நேர்ந்தால் நல்ல கோட்டை ஓட்டுபவருக்கு விட்டுவிட வேண்டும்.

நடுவில் என்னை நிறுத்தி வெளியே அனுப்பினார்கள். ஏன்?

அது 80 சதவீத விதியாக இருக்கலாம். முதலாமவர் தன் முதல் சுற்றுக்கு 15 நிமிடம் எடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 80 சதவீதம் 12 நிமிடம். அவரைவிட 12 நிமிடம் பின்தங்கியவர்களை, முதலாமவர் சுற்றி வந்து தாண்டுவதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். யுசிஐ விதியில் உள்ளது; சிறிய ரேஸ்களில் இதைத் தளர்த்துவதும் உண்டு. மனம் தளர வேண்டாம். அதுவரை ஓட்டியது உங்கள் காலில் சேர்ந்துவிட்டது. அடுத்த முறை எத்தனை சுற்று தள்ளிப் போகிறீர்கள் என்று பாருங்கள்.

சாப்பாடு, தண்ணீர்?

ஒரு மணி நேர ரேஸுக்கு மூன்று மணி நேரம் முன்பு, வயிற்றுக்குப் பழகிய மாவுச்சத்து உணவு. ஒன்றரை மணியைத் தாண்டினால் மணிக்கு 60 கிராம் அளவில் மாவுச்சத்து, பானமாகவோ ஜெல்லாகவோ. கரடான பாதையில் பாட்டிலைத் தொடவே முடியாது, ஆகவே எந்த இடத்தில் குடிப்பது என்பதையும் பாதை பார்க்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். ரேஸன்று புதிதாக எதையும் வாயில் போடாதீர்கள்.

ரேஸில் என்ன கருவி எடுத்துப் போகிறீர்கள்?

டயர் பிளக் (துளையை அடைக்கும் ரப்பர்த் துண்டு) செருகியபடி ஒரு ஊசி, வாயு அடைத்த 25 கிராம் சிலிண்டர், சிறு மல்டி டூல், செயின் இணைப்பு ஒன்று. சிலிண்டரில் இருப்பது கரியமில வாயு. சில சீலன்ட்கள் அது பட்டதும் கட்டியாகிவிடும், எனவே பயன்படுத்திய பிறகு வீட்டுக்கு வந்து டயருக்குள் பாருங்கள். கிராஸ் கன்ட்ரி ரேஸில் யுசிஐ விதிப்படி சைக்கிளையே மாற்றிக்கொள்ள அனுமதி இல்லை. எதில் கிளம்பினோமோ அதில்தான் முடிக்க வேண்டும்.

சேற்று ரேஸுக்குப் பிறகு எப்படிக் கழுவுவது?

வாளித் தண்ணீர், மென்மையான பிரஷ். அழுத்தமாகப் பீய்ச்சும் குழாயை மூட்டு பேரிங், க்ராங்க் அச்சு, ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்கான ஹெட்செட் பக்கம் காட்டாதீர்கள், கிரீஸ் வெளியேறித் தண்ணீர் உள்ளே போகும். துடைத்து, செயினை உலர்த்தி எண்ணெய் விடுங்கள். அப்படியே செயின் தேய்மானத்தையும் பாருங்கள். 12 கியர் செயின் 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றிவிட்டால் பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கரத் தொகுப்பான கேசட் பிழைக்கும்.

விழுந்த ஹெல்மெட்டை மறுபடி போடலாமா?

தலை இடித்திருந்தால் வேண்டாம், விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். உள்ளே உள்ள நுரை ஒருமுறை நசுங்கத்தான் செய்யப்பட்டது. தலைசுற்றல், குமட்டல், குழப்பம் இருந்தால் ரேஸ் அங்கேயே முடிந்தது, டாக்டரிடம் போங்கள். கார்பன் ஹேண்டில்பார் தரையில் மோதியிருந்தால் பிடியைக் கழற்றி முழுவதும் விரலால் தடவிப் பாருங்கள்.

பழைய ஹார்ட்டெயில் என்ன ஆனது?

எங்களோடு ஓட்டும் ஒரு பதினாறு வயதுப் பெண்ணிடம் இருக்கிறது. அவளுக்கு இது முதல் சீசன். நோட்டில் இருந்த என் ஐந்து எண்களையும் ஓரமாக வைத்துவிட்டு அவளைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்தோம். சீட்டை 40 மில்லிமீட்டர் இறக்கினோம், ஸ்டெம்மை 10 மில்லிமீட்டர் குட்டையாக மாற்றினோம், டயரில் என் அளவைவிட இரண்டு பிஎஸ்ஐ குறைத்தோம். போல்ட்டுகளை அவளே டார்க் ரென்ச்சால் இறுக்கினாள், ஒவ்வொன்றாக, குறுக்காக.